கொங்கு வீட்டுக்கு ஒரு சமையலறை: அழகும் புழக்கமும் ஒன்றையொன்று இடிக்காமல் அமைக்க

கோபிசெட்டிபாளையம் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டுச் சமையலறையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று கண்ணாடி போல மின்னும் கதவுகள், கைப்பிடியே இல்லாத இழுப்பறைகள். மேடை மேல் ஒரு டம்ளர்கூட இல்லை. "கிரைண்டர் எங்கீங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அந்த அம்மா பேசாமல் பின்கதவைத் திறந்து பொடக்காளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தகரக் கூரைக்கடியில் கிரைண்டர், பழைய கேஸ் அடுப்பு, பலகை மேல் அஞ்சறைப்பெட்டி, கொடியில் கரித்துணி. "உள்ள ஆட்டுனா மாவு தெறிச்சு கதவெல்லாம் திட்டுத்திட்டா ஆயிப்போகுது கண்ணு. அதான் எல்லா வேலையும் இங்கயே வெச்சுக்கிட்டேன்" என்றார். பல லட்சம் செலவழித்த சமையலறையில் காபி மட்டும்தான் போடுகிறார்கள்.

ஈரோடு, கோபி, பெருந்துறை வட்டாரத்தில் சமையலறைக்கு வரைபடம் போட்டுத் தருவது என் வேலை. இதுபோல இரண்டு சமையலறை உள்ள வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஒன்று விருந்தாளி பார்க்க, மற்றொன்று ஆக்கித் தின்ன. முதலில் கதவு நிறத்தைத் தேர்வு செய்து, கடைசியில் கிரைண்டருக்கு இடம் தேடுவதால் வருகிற வினை இது. வரிசையை மாற்றிப் போட்டால் போதும். அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு வாரச் சமையலை எழுதுங்கள்

எந்த வரைபடத்துக்கும் முன்னால் ஒரு நோட்டில் ஏழு நாளுக்கு எழுதுங்கள். காலையில் என்ன, இரவில் என்ன, எத்தனை பேருக்கு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் அடுப்படியில் நிற்கிறார்கள், எந்தச் சாமான் தினமும் எடுபடுகிறது. மாவு வாரத்தில் எத்தனை முறை ஆட்டுகிறீர்கள் என்பதைத் தனியாகக் குறியுங்கள்.

நம் வீட்டுச் சமையல் கடை வரைபடத்துக்குள் அடங்குவதில்லை. அரிசியும் பருப்பும் சாதத்துக்கு ஒரு குக்கர் போதும். ஆனால் இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தகை செய்கிற நாளை நினைத்துப் பாருங்கள். ஆட்டின மாவை இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை உரலில் போட்டுப் பிழிய வேண்டும். ஒருவர் திருகுவார், ஒருவர் கீழே தட்டைப் பிடிப்பார், மூன்றாமவர் அடுத்த ஈடு இறக்கிக்கொண்டிருப்பார். அதற்குத் தரையில் நாலடிக்கு நாலடி காலி இடம் வேண்டும். அந்த இடத்தை இன்றைய வரைபடங்களில் நடுமேடை பிடித்துக்கொள்கிறது.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. இன்று மாடுலர் கிச்சன் என்று நாம் சொல்லும் அமைப்புக்கு முன்னோடி, 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சமையலறை. ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறையைப் பார்த்து, ஒரு பெண் குறைந்த அடி நடந்து வேலையை முடிக்கும்படி கணக்குப் போட்டுச் செய்தார். அருமையான வேலைதான். ஆனால் அது ஒருவர் மட்டும் நின்று சமைப்பதற்கான கணக்கு. நோம்பி நாளில் மாமியார், மருமகள், நங்கையா என்று மூன்று பேர் சேர்ந்து வேலை செய்யும் வீட்டுக்கு அதை அப்படியே வைத்தால் முழங்கை இடித்துக்கொண்டே இருக்கும். ஒருவர்தான் சமைக்கிறார் என்றால் எதிரெதிர் மேடைகளுக்கு நடுவே மூன்றரை அடி போதும். இரண்டு பேர் என்றால் நாலு முதல் நாலரை அடி விடுங்கள்.

அதே நோட்டில் சேமிப்பையும் எழுதிவிடுங்கள். வருசத்துக்கு வாங்கிப் போடும் மிளகாய், புளி, மஞ்சள், செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், தோட்டத்துத் தேங்காய் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். சீர் வந்த அண்டாவையும் போசிகளையும் டேப் வைத்து அளந்து, விட்டத்தையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆசாரி அலமாரி அடித்து முடித்த பிறகு அளந்து பிரயோசனம் இல்லை.

இரண்டாம் படி: சமைக்கிறவரை அளவெடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

என் அம்மா நாலு அடி பதினோரு அங்குலம். வீடு கட்டும்போது மேடையை 36 அங்குலத்தில் போட்டுவிட்டார்கள். வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. நானும் அப்போது கேள்வி கேட்கவில்லை. மேடை 36, அதன் மேல் அடுப்பு நாலு அங்குலம், அதன் மேல் குழம்புச் சட்டி எட்டு அங்குலம். சட்டியின் விளிம்பு 48 அங்குலத்தில் நிற்கிறது. அம்மாவின் தோளும் அதே உயரம். பத்து வருசம் தோளுக்கு மேலே கையைத் தூக்கித்தான் குழம்பு கிளறினார். வலது தோள் போனதற்கு மருத்துவர் சொன்ன காரணம் ஆயிரம் இருக்கட்டும், எனக்குத் தெரிந்த காரணம் அந்த மேடை.

அளவெடுப்பது எளிது. சமைக்கிறவர் வெறுங்காலோடு சுவரை ஒட்டி நிற்கட்டும். முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் நாலு முதல் ஆறு அங்குலம் கழியுங்கள். வருவதுதான் காய் நறுக்கும் மேடையின் உயரம். ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்தவருக்கு 31 முதல் 33 அங்குலம் வரும். அடுப்பு வைக்கும் பகுதியை அதிலிருந்து இன்னும் மூன்று அங்குலம் இறக்கலாம், அல்லது கல்லுக்குள் பதிக்கும் ஹாப் அடுப்பு வைக்கலாம். சிங்க் இருக்கும் பகுதிக்கு நேர்மாறு: கை வேலை செய்வது தொட்டியின் அடியில் என்பதால் இரண்டு அங்குலம் ஏற்றினால் இடுப்பு வளைய வேண்டியதில்லை. ஒரே நீட்டு மேடைதான் பார்க்க அழகு என்று சொல்வார்கள். உயரம் மாறும் இடத்தில் கல்லின் விளிம்பைச் சுத்தமாக மடித்து முடித்தால், வேண்டுமென்றே போட்ட படிக்கட்டு மாதிரி நன்றாகவே இருக்கிறது.

கிரைண்டருக்குத் தனி உயரம் வேண்டும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதை வைக்க அந்த ஊர்ச் சமையலறையில் இடமில்லை என்றால் எப்படி? மேடைமேல் வைக்கும் சிறிய கிரைண்டரே கல்லோடு சேர்த்து நல்ல கனம். அதை அலமாரிக்குள் வைத்து ஒவ்வொரு முறையும் தூக்கி எடுக்கச் சொல்வது கொடுமை. பின்கதவுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு தாழ்வான கல்மேடை போடுங்கள். மேலிருந்து மாவை வழிப்பதும் கழுவி ஊற்றுவதும் சுலபம். அதன் மூன்று பக்கச் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டி, பக்கத்திலேயே ஒரு குழாயும் தரையில் தண்ணீர் போகும் துளையும் வைத்தால் மாவு எங்கே தெறித்தாலும் கவலையில்லை. கோபி வீட்டில் நாங்கள் கடைசியில் செய்தது இதைத்தான். இரண்டு கதவுகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தாழ்மேடை போட்டோம். கிரைண்டர் உள்ளே வந்தது, அஞ்சறைப்பெட்டியும் கூடவே வந்தது.

மூன்றாம் படி: மூலையும் காற்றும்

வாஸ்து பார்க்கிற வீட்டில் தென்கிழக்கு அக்னி மூலைதான், கிழக்குப் பார்த்து நின்றுதான் சமையல். எனக்கு அதில் சண்டை இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்றடிக்கும் நம் சீமைக்கு அது பொருந்தியும் போகிறது, புகை வீட்டுக்குள் திரும்பாமல் கிழக்கே போய்விடும்.

ஆனால் அந்தக் காற்றையே மறந்துவிட்டு ஜன்னல் வைக்கிறார்கள். ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று சாதாரணமில்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். அடுப்புக்கு நேராக மேற்கே ஜன்னல் வைத்தால் தீ அலைபாயும், புழுதி குழம்பில் விழும். ஜன்னலைச் சிங்குக்கு மேலே கிழக்கிலோ தெற்கிலோ வையுங்கள். மேற்கே வெளிச்சம் வேண்டுமென்றால் திறக்காத கண்ணாடி போதும்.

சிம்னிக் குழாயும் அப்படித்தான். மேற்குச் சுவரில் வாய் வைத்தால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். வேறு வழியே இல்லை என்றால் வாயில் தானாக மூடிக்கொள்ளும் மடிப்புத் தகடு மாட்டுங்கள். குழாய் ஆறு அங்குல விட்டம் இருக்கட்டும், வளைவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அடுப்பிலிருந்து 24 முதல் 30 அங்குல உயரத்தில் சிம்னி. குழாய் இல்லாமல் கரி வடிகட்டி மட்டும் வைத்த சிம்னி நம் தாளிப்புக்கு ஈடுகொடுக்காது. பள்ளிபாளையம் சிக்கனுக்கு வரமிளகாய் வறுக்கும்போது யாரும் இருமாமல் இருந்தால் அந்தச் சிம்னி தேறிவிட்டது.

கூடத்தோடு சேர்ந்த திறந்த சமையலறை வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: நடுவில் தள்ளு கண்ணாடிக் கதவு போடுங்கள். வெளிச்சமும் பேச்சும் வரும், வறுக்கும்போது மூடிக்கொள்ளலாம்.

அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் முக்கோணமாக வைத்தால் நடை குறையும். எந்த இரண்டுக்கும் நடுவே நாலு முதல் ஒன்பது அடி இருக்கட்டும். அடுப்பும் சிங்கும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நடுவில் குறைந்தது இரண்டடி மேடை இருந்தால்தான் நறுக்க இடம் கிடைக்கும், கழுவுகிற தண்ணீர் எண்ணெயில் தெறிக்காது.

நான்காம் படி: தண்ணீருக்குத் தக்க குழாய்

சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டலாம். போர்த் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் உப்பு ஏறியிருக்கும். கறுப்பு மேட் குழாயும் கறுப்பு சிங்கும் படத்தில் அசத்தலாக இருக்கும். உப்புத் தண்ணீரில் பதினைந்தே நாளில் வெள்ளைப் படலம் ஏறி, தேய்க்கத் தேய்க்க மேல்பூச்சு போகும். 304 ரக எவர்சில்வர் தொட்டி, சாதாரண குரோம் குழாய் போதும். தொட்டி குறைந்தது 24 அங்குல நீளம், ஒன்பது பத்து அங்குல ஆழம். குழாய் நுனியில் இருக்கும் சல்லடை கையால் கழற்றக் கூடியதாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை வினிகரில் ஊறவைத்தால் உப்பு விட்டுவிடும்.

நல்ல தண்ணிக்கும் உப்புத் தண்ணிக்கும் தனித்தனிக் குழாய் என்றால் இரண்டையும் சிங்கிலேயே கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள். அண்டா, வடைச்சட்டி எல்லாம் உள்ளே கழுவ வேண்டாம். பொடக்காளியில் ஒரு துவைகல் உயரத்துக்குப் பாத்திரம் கழுவும் திட்டு கட்டி, சலதாரையில் விட்டால் உள்ளே சிங்க் எப்போதும் சுத்தமாக இருக்கும்.

ஐந்தாம் படி: கரண்டும் கேஸும்

இன்டக்ஷன் அடுப்பு 2000 வாட் இழுத்தால் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் கருகும். இன்டக்ஷன், ஓவன் இரண்டுக்கும் தனித்தனி 16 ஆம்பியர் பாயிண்ட், தனி வயர். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று வீட்டுக்கே கட்டாயம், ஈரக்கையோடு சுவிட்சைத் தொடும் இடம் இது. மிக்சி, கிரைண்டர், தண்ணீர் வடிகட்டி, ஃபிரிட்ஜ் என்று எண்ணி, அதற்கு மேல் இரண்டு பாயிண்ட் கூட்டிப் போடுங்கள். அடுப்புக்குப் பின்னாலும் சிங்குக்கு மேலும் பாயிண்ட் வேண்டாம்.

கூரை விளக்கு மட்டும் இருந்தால் உங்கள் நிழலே நறுக்கும் பலகைமேல் விழும். மேல் அலமாரிக்கு அடியில் ஒரு எல்இடி பட்டை ஒட்டுங்கள். செலவு சொற்பம், சமையலறை பார்ப்பதற்கும் வேறு மாதிரி ஆகிவிடும்.

சிலிண்டரை வெளியே வைத்து, ஏஜென்சி அனுப்பும் ஆளைக் கொண்டு செம்புக் குழாய் இழுப்பது நல்லது. உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் அந்த அலமாரிக் கதவின் அடியில் காற்றுத் துளை இருந்தாக வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தங்கும். ரப்பர் டியூப்பில் அச்சடித்திருக்கும் வருசத்தைப் பாருங்கள். ஐந்து வருசத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

ஆறாம் படி: கீழே கல், மேலே பலகை

ஒரு கம்பெனியிடம் முழுச் சமையலறையையும் ஒப்படைத்த என் சித்தி வீட்டில், மூன்றாவது வருசம் சிங்குக்குக் கீழே இருந்த பெட்டி ஊறின ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. வெளியே ஒட்டியிருந்த லேமினேட் அப்போதும் புதுசு போலத்தான் இருந்தது.

என் கருத்தில் நம் ஊருக்கு ஒத்து வருவது கலப்பு முறை. கீழ்ப்பகுதிக்குப் பெட்டி வேண்டாம். கடப்பா கல்லை நிறுத்தித் தடுப்பு வைத்து, வெளியே கதவு மட்டும் போடுங்கள். தண்ணீர் பட்டாலும், கரையான் வந்தாலும், கரப்பான் மருந்து அடித்தாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. இழுப்பறை வேண்டிய இடத்தில் மட்டும் அளவாகப் பலகைப் பெட்டி செருகலாம். இதற்குக் கொத்தனாரும் ஆசாரியும் ஒரே நாளில் ஒன்றாக நின்று அளவெடுக்க வேண்டும். தடுப்பு அரை அங்குலம் சாய்ந்தாலும் இழுப்பறை ஓடாது. கீழே மூன்று அங்குலம் உள்வாங்கிக் கால்விரலுக்கு இடம் விடச் சொல்லுங்கள். அது இல்லாத மேடையில் நின்றால் நாள் முழுக்க முன்னால் குனிந்தபடி நிற்போம்.

மேல் அலமாரிக்குப் பிளைவுட். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளது தண்ணீரில் நிற்கும், சிங்க் பக்கத்துக் கதவுக்கு அதைத்தான் போட வேண்டும். மற்ற இடத்துக்கு ஐஎஸ் 303இல் கொதிநீர் தாங்கும் பிடபிள்யூஆர் ரகம் போதும். முத்திரையைக் கண்ணால் பார்த்த பிறகு அறுக்கச் சொல்லுங்கள்.

பணம் தட்டினால் கதவின் மேல்பூச்சில் குறையுங்கள், கீலிலும் இழுப்பறைச் சட்டத்திலும் குறைக்காதீர்கள். கதவை ஐந்து வருசம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். சட்டம் தொங்கினால் அன்றே சண்டை.

அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று அடுக்கு இழுப்பறை வையுங்கள். மேலே கரண்டி, நடுவில் அஞ்சறைப்பெட்டி, அடியில் சட்டி. கரண்டி எடுக்கும் கையே கடுகையும் எடுக்கும். மூலை அலமாரிக்குள் சுழலும் தட்டு மாட்டச் சொல்லி விற்பார்கள், விலையும் அதிகம். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. வருசத்துக்கு நாலு தரம் எடுக்கும் அண்டாவை மூலையில் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. பித்தளைச் சீர்ச் சாமான்களைப் பரணில் ஒளிக்காமல், கைக்கு எட்டாத மேல் வரிசையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அடுக்குங்கள். வீட்டுக்கென்று இருக்கும் அழகு அது, எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஏழாம் படி: இப்போது நிறம் பேசலாம்

மேடைக்குக் கிரானைட்டைத்தான் சொல்வேன். மார்பிளில் எலுமிச்சையும் புளியும் தயிரும் பட்ட இடம் மங்கிப்போகும். குவார்ட்ஸ் பார்க்க மிக அழகு. ஆனால் பிசின் கலந்து செய்தது, அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேராக வைத்தால் தழும்பு விழும். கிரானைட்டில் பளபளக் கறுப்பு வேண்டாம், உப்புத் தண்ணீரின் ஒவ்வொரு சொட்டும் தெரியும். சாம்பலும் பழுப்பும் புள்ளியாகக் கலந்த கல் எதையும் காட்டிக்கொடுக்காது. மேடை விளிம்புக்கு அடியில் ஒரு மெல்லிய வெட்டுக்கோடு போடச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அந்தக் கோட்டோடு நின்று சொட்டிவிடும், கதவுக்குள் இறங்காது. கல் அறுக்கிறவருக்குச் சின்ன வேலைதான், கேட்டால்தான் செய்வார்.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நிறம் எப்பேர்ப்பட்டது என்பதை வெள்ளை டைல்ஸ் இடுக்கில் போட்ட வெள்ளைச் சிமெண்டைப் பார்த்தால் தெரியும். அடுப்புக்குப் பின்சுவர் டைல்ஸ் இடுக்கில் சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி என்ற பிசின் நிரப்பல், வெளிர் சாம்பல் நிறத்தில். பெரிய டைல்ஸாக எடுத்தால் இடுக்கே குறையும். அடுப்புக்கு மேலே சிம்னி வரை டைல்ஸ் ஏறட்டும்.

கதவு நிறத்துக்கு நான் பின்பற்றும் வழி: கையும் தண்ணீரும் எண்ணெயும் படும் கீழ்வரிசைக்கு மேட் லேமினேட், அடர்ந்த நிறம், பிடிக்கத் தோதான கைப்பிடி. மாவுக் கையோடு தள்ளித் திறக்கும் கதவு வேண்டாம். ஆசைப்பட்ட நிறமும் பளபளப்பும் மேல்வரிசைக்குப் போகட்டும், அங்கே கை அதிகம் படாது. கோபி அம்மா ஆசைப்பட்ட வெள்ளை இப்போதும் அவர் வீட்டு மேல்வரிசையில் இருக்கிறது. கீழே மட்டும் செம்மண் நிறம்.

எட்டாம் படி: ஒப்புக்கொள்வதற்கு முன்

சுவர் பூசுவதற்கு முன் குழாயும் வயரும் ஓடும் இடங்களில் டேப்பைப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். கல் பதித்ததும் ஒரு குடம் தண்ணீரை மேடைமேல் ஊற்றுங்கள். சிங்கை நோக்கி ஓட வேண்டும். சுவரோரம் தேங்கினால் கொத்தனார் போவதற்குள் சொல்லிவிடுங்கள். சிங்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்து, கீழே இணைப்பில் காகிதத்தைச் சுற்றிப் பாருங்கள், கசிவு இருந்தால் காகிதம் நனையும். எல்லா இழுப்பறையிலும் அரிசி மூட்டையின் கனத்துக்கு ஏதாவது வைத்து இழுத்துப் பாருங்கள்.

பால் காய்ச்சிக் குடிபோனதும் துண்டுக் கம்பி, கத்தி மாட்டும் பட்டை, கரண்டிக் கொக்கி எதற்கும் உடனே துளை போட வேண்டாம். ஒரு மாதம் சமையுங்கள். துண்டுக்காகக் கை தானாக எங்கே போகிறதோ, அந்த இடத்தில் டைல்ஸ்மேல் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மாதக் கடைசியில் துளைபோடும் ஆளைக் கூப்பிட்டுப் புள்ளிகளைக் காட்டினால் போதும்.